அளவக்காவும் ஒரு டஜன் டேப்பும்

அளவக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வேறு எங்கும் அதற்கு வேலையில்லை. சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் முதலாளி முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அளவக்காதான். வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்திரண்டு வருஷம் பட்டறையின் கடைசியில், ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் பன்னிரண்டடி மேஜையின் முன்னால் நின்றே கழிந்துவிட்டது. மற்ற பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து மிஷினில் தைப்பார்கள். இவள் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டிக் கொடுப்பாள். தையல் தப்பினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். வெட்டு தப்பினால் அறுபது அடுக்குத் துணியும் ஒரே நேரத்தில் குப்பைக்குப் போகும். அதனால் அந்த மேஜைக்கு ஆள் போடும்போது எந்த முதலாளியும் பத்து தடவை யோசிப்பார். அவளுக்கு முன்னால் அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். பழைய முதலாளி அவள் கையில் கத்தரியைக் கொடுத்த அன்று பட்டறையில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சட்டைக் கையைக்கூட அவள் தப்பாக வெட்டவில்லை. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது வேலையிலேயே இல்லை.

அவள் மேல் இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் டேப். தையல்காரர்களின் டேப் நம்பக் கூடாத சாமான். ஒரு வருஷம் இழுத்து இழுத்து அளந்தால் ஓர் அங்குலம்வரை நீண்டுவிடும். நீண்ட டேப்பில் எதை அளந்தாலும் குறைவாகத்தான் காட்டும். புதிதாக வருவதிலும் அச்சுப் பிசகியது உண்டு. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு டஜன் வாங்கிப் போடுவார்கள். அன்றைக்கு அளவக்கா முதலில் பழைய டேப்புகளை எல்லாம் கேட்டு வாங்கி, யாரும் ஞாபகப் பிசகாகக்கூட எடுத்து அளந்துவிடக் கூடாது என்று, கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கிப் போடுவாள். பிறகு புது டேப் ஒவ்வொன்றையும் தன் இடுப்பில் சுற்றிப் பார்ப்பாள். முப்பத்தெட்டு காட்டினால் டேப் நல்ல டேப். காட்டாவிட்டால் வந்த வழியே கடைக்குத் திரும்பும். மேஜையில் மர ஸ்கேல் ஒன்றும் கிடந்தது. அதன் எண்கள் தேய்ந்து பத்து வருஷம் ஆகிறது, யாரும் கவலைப்படவில்லை. அளவக்காவின் இடுப்பு இருக்கும்போது ஸ்கேல் எதற்கு? மாமியார் காலமான பிறகும், மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும், அந்த முப்பத்தெட்டு மட்டும் அசையவே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பந்து வந்தது இந்த வருஷம்தான். அதுவும் கடையில் வாங்கியது இல்லை. பட்டறையில் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கூப்பிடுவதே காஜா என்றுதான். சாப்பாட்டு நேரத்தில் ஓர் இடத்தில் உட்கார முடியாத உடம்பு அவளுக்கு. வெட்டுக் கழிவைச் சுருட்டி உள்ளே அடைத்து, மேலே தடித்த துணியில் எட்டு இதழ் வெட்டித் தைத்து, இரண்டு கைக்கு அடக்கமாக ஒரு பந்து செய்துவிட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் வேன் வந்து சரக்கு ஏற்றுகிற காலி இடம் இருந்தது. தண்ணீர்க் குழாய்க்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் கயிறு கட்டினார்கள். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். கயிற்றுக்கு மேலே எறிகிற பந்தை அந்தப் பக்கத்துக்காரர்கள் பிடிக்காமல் விட்டால் எறிந்தவர்களுக்கு ஒரு பாயிண்ட். இஸ்திரிக்காரர் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து பாயிண்ட் சொல்வார். ஆட்டம் அவ்வளவுதான்.

அளவக்கா அங்கே போனது ஆடுவதற்கு இல்லை, சண்டைக்கு. பந்தின் மேல்துணி அவள் மாதிரிக்காக எடுத்து வைத்திருந்த சாம்பல் நிறத் துணி. சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு நேராகப் போய்க் கயிற்றடியில் நின்றாள்.

“யாரு என் துணியில கை வச்சது?”

காஜா பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒளிக்கிற அவசரத்தில் அது நழுவி, உருண்டு, அளவக்காவின் காலடிக்கே வந்து நின்றது. அவள் எடுத்தாள். வந்த கோபத்தில் ஓங்கி வீசினாள். பந்து கயிற்றைத் தாண்டி, நாலு பேர் கையிலும் சிக்காமல், மூலையில் போய் விழுந்தது.

“ஒரு பாயிண்ட்!” என்றார் இஸ்திரிக்காரர். அவர் கடமை தவறாதவர்.

“அக்கா, என்னா எறி! இன்னொண்ணு போடுங்க!”

“வாயை மூடு. நாளைக்கு அந்தத் துணி என் மேஜைக்கு வந்தாகணும்.”

மறுநாள் துணி வரவில்லை. எட்டுப் பேரில் ஒருத்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஏழு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். துணியைக் கேட்கத்தான் போனேன் என்று அளவக்கா இன்றைக்கும் சாதிப்பாள். போனவள் அரை மணி நேரம் கழித்து, மூச்சு வாங்க, தலை கலைந்து, எதற்குப் போனோம் என்பதையே மறந்துவிட்டுத் திரும்பினாள்.

முதல் வாரம் உடம்பில் வலிக்காத இடமில்லை. தனக்கு இத்தனை தசை இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் மாதம் வீட்டு மாடிப்படியை நடுவில் நிற்காமல் ஏறிவிட்டு, ஏறியதே தெரியாமல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதம் பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டு கேட்டது. யார் பாடுவது என்று எட்டிப் பார்த்தாள். அவளேதான்.

இதுதான் அவளைக் குழப்பியது. சந்தோஷப்பட என்ன இருக்கிறது? வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மகள் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணினால் அதிசயம். வீட்டுக்காரர் அதே வீட்டுக்காரர்தான். எதுவும் மாறவில்லை, மனசு மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் மிதக்கிறது. காரணம் தெரியாத சந்தோஷம் அவளுக்குப் பழக்கமில்லை. கவலைப்பட வேண்டிய ஏதோ ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோய்விட்டோமோ என்று நடுவில் நின்று யோசிப்பாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. அது இன்னும் பயமாக இருக்கும்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கண்ணாடியில் பின்னால் நடப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவருக்கு வீட்டில் நடப்பது தெரியாமல் போகுமா?

“உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்றார் ஒரு நாள்.

“ஏன்?”

“நாலு நாளா என்னைத் திட்டவே இல்லையே.”

“திட்டுற மாதிரி நீங்க என்ன பண்ணினீங்க?”

“ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டிருக்கேன்ல.”

அவள் திரும்பிப் பார்த்தாள். துண்டு கிடந்தது. மெத்தையில் ஈரம்கூடப் படர்ந்திருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அவளைக் கொதிக்க வைத்த துண்டு அது. இன்றைக்குக் கோபம் வரவில்லை. வராததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, கடமைக்கு உப்புச் சப்பில்லாமல் இரண்டு வார்த்தை திட்டினாள். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பந்து ஆடுவதை மட்டும் அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த பொம்பளை துணிப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

இடையில் இன்னொரு சங்கதி. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. இந்தக் காலத்து எலாஸ்டிக்கே இப்படித்தான் என்று கடைக்காரனை வைதுவிட்டு ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டாள். அடுத்த மாதம் ஊக்கைக் கொஞ்சம் தள்ளிக் குத்தினாள். அதற்கு அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிறவளுக்குத் தன் இடுப்பின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்துக்கு நூற்று நாற்பது வெள்ளைக் கோட்டு. புது மாதிரி என்பதால் அட்டையில் அளவு எடுப்பதிலிருந்து எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். கெடு பத்து நாள். அந்த வாரமே டேப்பும் வந்து சேர்ந்தது. அளவக்கா வழக்கம்போலப் பழைய டேப்புகளை நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். புது டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றினாள்.

முப்பத்தாறு.

மூச்சை விட்டுவிட்டு மறுபடி சுற்றினாள். முப்பத்தாறு. அடுத்த டேப்பை எடுத்தாள். அதற்கு அடுத்தது. பன்னிரண்டும் ஒரே மாதிரி முப்பத்தாறு என்றன. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“எல்லாம் வீண்,” என்றாள்.

சின்ன முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வந்தார். பழைய முதலாளியின் மகன். பள்ளிக்கூடப் பையோடு இந்தப் பட்டறைக்குள் ஓடி விளையாடிய காலத்திலிருந்து அவருக்கு இவள் அக்கா.

“பன்னெண்டுமா அக்கா?”

“ஒரே அச்சுல வந்தது தம்பி. ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்புதான்.”

அவர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் அந்தப் பக்கம் சத்தியம் பண்ணாத குறை. “எங்க அக்கா சொன்னா தப்புத்தான்,” என்று இவர் போனை வைத்துவிட்டார். அக்கம்பக்கத்துக் கடைகளில் இருப்பதும் இதே கம்பெனி டேப்தான், வேறு கம்பெனி டேப் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை துணி சும்மா கிடக்க முடியாது.

“நான் பாத்துக்கறேன்,” என்றாள் அளவக்கா. “முப்பத்தெட்டுக்கு ரெண்டு முழுங்குது. அந்தக் கணக்குல எல்லாத்தையும் குறைச்சுக் கோடு போட்டா சரியா வந்துடும்.”

கணக்கில் தப்பே இல்லை. முப்பத்தெட்டை முப்பத்தாறு என்று காட்டுகிற டேப்பில் முப்பத்தாறு என்று வெட்டினால் துணி முப்பத்தெட்டுதான் வரும். டேப் அப்படிப்பட்ட டேப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இஸ்திரிக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

“பக்கத்து ஹார்டுவேர் கடையில இரும்பு ஸ்கேல் இருக்கும். ஒரு தடவை வச்சுப் பாத்துடலாமா?”

அளவக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் இஸ்திரிப் பெட்டிக்கே திரும்பிவிட்டார்.

கோடு போடும்போது அவளுக்கும் ஒரு நெருடல் இருந்தது. கழுத்துப் பட்டையைச் சாணால் அளந்து பார்த்தாள். கைக்குக் குறைவாகப் பட்டது. டேப் ஒன்று சொன்னது, கணக்கு ஒன்று சொன்னது, கை வேறொன்று சொன்னது. எதைக் கேட்பது? சாக்கட்டியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆடப் போனாள். அன்றைக்கு அவள் பக்கம் ஜெயித்தது. கடைசிப் பாயிண்ட் அவளுடையது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தபோது மனசு பஞ்சாக இருந்தது. நெருடல் இருந்த இடமே தெரியவில்லை. கட்டிங் மிஷினைப் போட்டு வெட்டிவிட்டாள்.

முதல் நாற்பது கோட்டு போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு குத்தியிருந்தது: ‘இது குழந்தைகளுக்கா?’

இஸ்திரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வரும்போது கையில் இரும்பு ஸ்கேல். அதை மேஜையில் வைத்து, புது டேப்பைப் பக்கத்தில் நீட்டினார். கோட்டுக்குக் கோடு பிசகாமல் நின்றது. டேப்பில் ஒரு குற்றமும் இல்லை.

பட்டறையின் கண்கள் எல்லாம் டேப்பிலிருந்து மெதுவாக நகர்ந்து அளவக்காவின் இடுப்பில் வந்து நின்றன.

“அக்கா,” என்றாள் காஜா, “அப்ப நீங்கதான்...”

அளவக்கா இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊக்கு விரலில் தட்டுப்பட்டது. எலாஸ்டிக் கடைக்காரன், டேப் கடைக்காரன், இன்னும் யார் யாரையெல்லாம் வைதிருக்கிறோம் என்று வரிசையாக ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பேர் ஒரே காலையில் போய்விட்டது. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“எனக்கு ஏதோ வியாதி,” என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

“பசிக்குதா?”

“நல்லாப் பசிக்குது.”

“தூக்கம்?”

“படுத்தா விடிஞ்சுடுது.”

“படி ஏறினா மூச்சு வாங்குதா?”

“முன்னாடி வாங்கும். இப்ப இல்ல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “அப்புறம் என்னம்மா தொந்தரவு?”

“அதான் டாக்டர். ஒரு தொந்தரவும் இல்ல. அதுதான் பயமா இருக்கு.”

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. சர்க்கரை இல்லை, எதுவும் இல்லை. சமீபத்தில் புதிதாக ஏதாவது ஆரம்பித்தீர்களா என்று டாக்டர் கேட்டாள். அளவக்கா ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

“பந்து ஆடுறா,” என்றார் வீட்டுக்காரர்.

அளவக்கா தூக்கிவாரிப் போட அவரைப் பார்த்தாள். “உங்களுக்கு யார் சொன்னது?”

“நீதான். தூக்கத்துல ‘எனக்கு விடு, எனக்கு விடு’ன்னு கத்துறே. அன்னிக்கு என் தலகாணியைப் பிடுங்கி எறிஞ்சே.”

டாக்டர் சிரித்துவிட்டாள். மாத்திரை எழுதவில்லை. சீட்டுகூடக் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு வெளியே வந்த அளவக்காவுக்குக் குழப்பம் இரண்டு மடங்காயிற்று. வியாதி இல்லை என்றால் இது என்ன? உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் வேலை ஏன் கெட்டது? நல்லது என்று ஒன்று வந்தால் அது நல்லதை மட்டும்தானே செய்ய வேண்டும்? வழி நெடுக வீட்டுக்காரர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

கோட்டுகளைக் காப்பாற்ற அவளே வழி கண்டுபிடித்தாள். பக்கத் தையலைப் பிரித்து, அக்குளிலிருந்து கீழே வரை மீந்த துணியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை கொடுத்தாள். கைக்கும் கழுத்துக்கும் ஒட்டு வேலை தனி. பட்டறை முழுக்க ஒரு வாரம் தலை நிமிராமல் தைத்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரியில் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் சின்ன முதலாளி அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்களை மேஜையில இருந்து இறக்கணும்னு எனக்கு ஆசையா அக்கா? ஆனா அந்தப் பந்து வந்ததுல இருந்துதான் எல்லாம் மாறிப் போச்சு. மத்தவங்க ஆடட்டும், தப்பி விட்டா பிரிச்சுத் தைக்கலாம். வெட்டுற கை ஆட வேண்டாம். மேஜை வேணும்னா பந்தை விட்டுடுங்க.”

அன்றைக்கு ஆடாமல் இருந்திருந்தால் அந்த நெருடல் நெருடிக்கொண்டே இருந்திருக்கும். அவளும் வெட்டியிருக்க மாட்டாள். அது நிஜம். “சரி தம்பி,” என்றாள். அந்த மேஜை இல்லாமல் அவளுக்குப் பேரே கிடையாதே!

பத்து நாள் ஆடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேஜையடியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பாதி சாப்பாடு மிஞ்சியது. முழங்கால் மறுபடி கதவு கீல் மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்தது. ஈரத் துண்டுக்காக வீட்டுக்காரரைத் திட்டினாள். அவருக்கு அதில் நிம்மதி வரவில்லை, எதையோ தொலைத்துவிட்ட முகத்தோடு துண்டைக் கொடியில் போட்டார். வேலையாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. தப்பு வரவில்லை, ஆனால் ஒரு கோட்டை நாலு தடவை அளந்து, அளந்ததை அழித்து, மறுபடி அளந்து, அரை நாள் வேலையை ஒன்றரை நாள் இழுத்தாள். முன்னால் இருந்த அளவக்கா இவள் இல்லை. பந்து ஆடிய அளவக்காவும் இவள் இல்லை. அப்படியானால் மேஜை முன்னால் நிற்கிறது யார் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பதினோராம் நாள் இஸ்திரிக்காரர் மேஜைப் பக்கம் வந்தார்.

“ஏழு பேர்தான் இருக்காங்க. உங்க இடத்துல ஸ்டூலைப் போட்டிருக்கோம்,” என்றார். “பரவாயில்ல, உங்களைவிட அது கம்மியாத் திட்டுது.”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், இடது மூலையில், அவளுடைய இடத்தில் மூன்று கால் ஸ்டூல் ஒன்று நின்றது. பந்து வந்து அதன் மேல் பட்டு உருண்டது. காஜா இடுப்பில் கை வைத்து, அளவக்காவின் குரலிலேயே ஸ்டூலை அதட்டினாள்: “கண்ணு எங்கடி இருக்கு? கோடு போட்டுக் காட்டணுமா?” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அளவக்காவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது என்ன கூத்து என்று துடைத்தாள், மறுபடியும் வந்தது.

கத்தரியை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள். அவர் மேஜை மேல் வைத்தாள்.

“என்ன அக்கா இது?”

“நான் உங்களுக்குக் குடுத்த வாக்கை என்னால காப்பாத்த முடியல தம்பி. ஆடப் போறேன்.”

“நல்லா யோசிச்சீங்களா? வேற ஆளைப் போட வேண்டி வரும்.”

“பத்து நாளா யோசிக்கிறேன், ஒண்ணும் புரியல. ஆடினா தப்பு வருதுங்கறீங்க. ஆடாட்டி நான் நானாவே இல்ல. அன்னிக்கு அந்தக் கோட்டை நான் மறுபடி அளந்து பாக்கல. அது என் தப்பு, பந்தோட தப்பு இல்ல. அதுக்கு மேஜையை எடுத்துக்கணும்னா எடுத்துக்கோங்க.” கத்தரியை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள். “இருபத்து ரெண்டு வருஷமா இந்த இடுப்பை உங்க மேஜைக்கு அளவுகோலாக் குடுத்துட்டேன். இனிமே இரும்புல ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்க. இது எனக்கு வேணும்.”

அவர் என்ன சொன்னார் என்று அவள் நின்று கேட்கவில்லை. கேட்டால் கால் பின்வாங்கிவிடும் என்று தெரியும். வெளியே போய் ஸ்டூலைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். காஜா பந்தை எறிந்தாள். அளவக்கா அதைக் கோட்டைவிட்டாள்.

“ஸ்டூலே தேவலை,” என்றார் இஸ்திரிக்காரர்.

அரை மணி நேரம் கழித்து வேர்த்து வழிய உள்ளே வந்தபோது கத்தரி அவளுடைய மேஜையில் இருந்தது. பக்கத்தில் ஹார்டுவேர் கடை இரும்பு ஸ்கேல். மேஜைக் காலில் ஆணி அடித்து, அதில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சின்ன முதலாளி அறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? மன்னித்துவிட்டாரா, இல்லை நாளைக்கு வரப்போகிற ஆளுக்காகக் கட்டி வைத்திருக்கிறாரா? அளவக்காவுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் இல்லை. டேப்பை எடுத்து இரும்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சாக்கட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஊக்கைக் கழற்றிவிட்டுப் பாவாடையின் இடுப்பைப் பிரித்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் உள்ளே மடித்துக் கையால் தைத்தாள். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தைப்பதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உள்ள இவ்வளவு துணி கிடக்குதே, உறுத்தாதா? வெட்டி விட்டுடேன்.”

“வெட்டவா? நான் என்ன கிறுக்கியா?” என்றாள் அளவக்கா. “இது நாளைக்கு எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியல.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எழுந்து நின்று போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.